வெயிலூரில் கேக் சுடுகிறவர்களின் ஃப்ரிட்ஜ்

கோடை வந்தால் 'கரூர் பரமத்தியில் வெயில் சதமடித்தது' என்ற செய்தி வராத வருடம் கிடையாது. அந்தக் கரூருக்குத் தெற்கே, திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வேடசந்தூர். குடகனாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிடும் மாதங்களில், மதியம் இரண்டு மணிக்கு இந்த ஊர்ச் சமையலறையில் ஓவனை வேறு போட்டால் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. அப்படியும் சுடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுக்கும் அக்காக்கள் இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் அரிது.

இவர்களிடம் வாங்கியவர்களும், வீட்டுக்காக மட்டும் பன்னும் பிஸ்கட்டும் செய்து பார்க்கிறவர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். சுட்டதை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? வைக்கலாம், வைக்கக் கூடாது என்று இரண்டு பதிலுமே சரிதான், பண்டத்தைப் பொறுத்து. ஆனால் கேள்வியே கொஞ்சம் தாமதமாக வருகிறது. நம் வெயிலில் ஃப்ரிட்ஜுக்குப் பெரிய வேலை இருப்பது சுடுவதற்கு முன்னால். சுட்ட பிறகு அது சில பண்டங்களைக் காப்பாற்றும், சிலவற்றைக் கெடுக்கும்.

முதலில் வெண்ணெய். எந்தக் கேக் செய்முறையை எடுத்தாலும் 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று இருக்கும். அதை முதலில் எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் அறை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். திண்டுக்கல் மாவட்டத்துக்குள் அப்படி ஓர் அறை வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குத்தான் ஏற வேண்டும். வேடசந்தூரில் ஏப்ரல் மாத மதியம் சமையலறை 35 டிகிரிக்குக் குறையாது. வெண்ணெய் முழுக்க உருகிவிடுவதே 32 முதல் 35 டிகிரிக்குள். செய்முறையை அப்படியே நம்பி வெண்ணெயை மேடையில் ஒரு மணி நேரம் வைத்தால், திரும்பி வரும்போது கிண்ணத்தில் மஞ்சள் எண்ணெய்தான் இருக்கும்.

உருகினால் என்ன, கலந்துவிட்டால் போச்சு என்று விட முடியாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்கள் கொழுப்புக்குள் காற்றை இழுத்துச் செல்கின்றன. கொழுப்பு ஓரளவு கெட்டியாக இருந்தால்தான் அந்தக் காற்று சின்னச் சின்னக் குமிழியாக நிற்கும். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழியை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழிக்குள் வாயுவை நிரப்பிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் குமிழி நிற்காது. பவுடரைக் கூட்டிப் போட்டும் கேக் கல் மாதிரி வருகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் வெண்ணெயைத்தான் பார்க்க வேண்டும்.

கோடையில் வெண்ணெயைத் துண்டுகளாக நறுக்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் பிசுபிசுக்கக் கூடாது. அடிக்க அடிக்க பீட்டரின் உரசலிலேயே சூடு ஏறும். வெளுத்துப் பஞ்சு போல வந்துகொண்டிருந்த கலவை திடீரென்று பளபளத்துத் தளர ஆரம்பித்தால், நிறுத்திவிட்டுக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள். மறுபடி அடித்தால் திரும்பி வந்துவிடும். ஊத்துக்குளி வெண்ணெயோ, வீட்டுத் தயிரில் கடைந்ததோ என்றால் மோர் போகுமளவு நன்றாகக் கழுவி, பிழிந்து, ஃப்ரிட்ஜிலேயே வைக்க வேண்டும். அதில் மிஞ்சும் மோர்தான் வெயிலில் புளிப்பு வாடையைக் கொண்டுவருகிறது.

முட்டையும் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பார்கள். மிகக் குளிர்ந்த முட்டையை ஊற்றினால் வெண்ணெய் விறைத்துக் கலவை திரிந்து போகும் என்பது உண்மைதான். ஆனால் 35 டிகிரிச் சமையலறையில் லேசாகக் குளிர்ந்த முட்டை நமக்கு உதவியே செய்கிறது. கலவையின் சூட்டைத் தணிக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரத்தில் உடைத்து ஊற்றலாம். முட்டையைக் கழுவி உள்ளே வைக்க வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் காப்புப் படலம் கழுவினால் போய்விடும்.

நெய் பிஸ்கட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இதே சூட்டுக் கோளாறுதான். நம் ஊர்க் கோடையில் நெய் தண்ணீராகத்தான் இருக்கும். அதை ஃப்ரிட்ஜில் வைத்து, மணல் மணலாக உறைந்த பிறகு சர்க்கரையோடு சேர்த்துத் தேயுங்கள். உருட்டி வைத்த தட்டையும் அரை மணி நேரம் உள்ளே வைத்து, எடுத்த கையோடு சூடான ஓவனில் தள்ளுங்கள். நெய் உருகிப் பரவுமுன் ஓரம் வெந்து நின்றுவிடும். பேக்கரிக்காரர்கள் வனஸ்பதி போட்டதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. அது அவ்வளவு சுலபமாக இளகாது. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் செய்கிறவர்களுக்கு ஃப்ரிட்ஜ் இருக்கும்போது அந்த வழி தேவையே இல்லை.

அடுத்தது பன், பிரெட் மாவு. வெயிலூர்க்காரர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. 'வெதுவெதுப்பான நீரில் பிசையவும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் தண்ணீரைச் சுட வைக்கிறார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீரே 40 டிகிரி இருக்கும், அதை இன்னுமா சுட வைக்க வேண்டும்?

தொழில்முறை பேக்கர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூடு, மைதாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழிக்க வேண்டும். அறை 35, ஜாடியில் இருக்கும் மைதா 34, கையால் பிசைவதற்கு ஒரு 3. மொத்தம் 72. மிச்சம் 6. அதாவது தண்ணீர் 6 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டில் தண்ணீர் ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் இருக்கும். அதே இடத்தில் 40 டிகிரித் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் மாவு 37 டிகிரிக்குப் போய்விடும். ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல் பொங்கும், அரை மணியில் மாவு இரண்டு மடங்காகும். பார்க்க சந்தோஷமாக இருக்கும். சுட்டால் சாராய வாடையும் புளிப்பும், ஓவனுக்குள்ளேயே அமுங்கிப் போன பன்னும்தான் மிஞ்சும். பெரிய பேக்கரிகளில் மாவில் ஐஸ் போடுவது இதனால்தான். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் வைத்திருப்பவர்கள் அதைக் கரைக்க மட்டும் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொண்டு, மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றலாம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு அதுவும் வேண்டாம், மைதாவோடு நேரடியாகக் கலந்துவிடலாம். பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்தால் நம் சூட்டில் சீக்கிரமே வீரியம் போய்விடும்.

இட்லி மாவைப் புளிக்க விடாமல் நிறுத்தி வைக்க ஃப்ரிட்ஜைப் பயன்படுத்துவதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பன் மாவுக்கும் அதே வித்தைதான். இரவு எட்டு மணிக்கு, வழக்கமாகப் போடும் ஈஸ்ட்டில் பாதியைப் போட்டுப் பிசைந்து, இருபது நிமிடம் வெளியே விட்டு, எண்ணெய் தடவிய மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். பாத்திரம் மாவைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஒரு கிலோ மாவை ஒரே உருண்டையாக வைத்தால் அதன் நடுப்பகுதி குளிர்வதற்கே சில மணி நேரம் ஆகும். அதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். இரண்டு மூன்றாகப் பிரித்து, தட்டையாக அமுக்கி வைத்தால் சீக்கிரம் குளிரும். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும்போது மாவுக்கு மணமும் ருசியும் கூடுகிறது. காலை ஐந்து மணிக்கு எடுத்து உருட்டி வைத்தால், வெயில் ஏறுமுன் ஓவன் வேலை முடிந்துவிடும். சமையலறையும் பிழைக்கும். இந்த மாவு இரண்டு நாள் தாங்கும். அதற்குமேல் புளிப்பு தூக்கலாகிவிடும்.

கிரீம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆர்டர் எடுக்கிறவர்களுக்கே நன்றாகத் தெரியும். கடையில் கிடைக்கும் டெட்ரா பேக் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம்தான். எவ்வளவு அடித்தாலும் நிற்காது. நிற்க 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கேக் பொருள் கடைகளில் உறைந்த நிலையில் விற்கும் விப்பிங் கிரீம் பெரும்பாலும் பாலில் செய்ததல்ல, தாவரக் கொழுப்பு. அதை முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி, இன்னும் கொஞ்சம் ஐஸ் துகள் மிச்சமிருக்கும்போதே அடிக்க வேண்டும். கிண்ணமும் பீட்டர் கம்பியும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் இருந்தால் நல்லது. மதியம் அலங்காரம் செய்ய உட்காராதீர்கள்.

இனி, சுட்ட பிறகு.

பிரெட் காய்ந்து போவதால்தான் கெட்டியாகிறது என்று நினைக்கிறோம். 1852இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, காற்றுப் புகாமல் மூடி ஈரம் துளியும் போகாமல் வைத்த பிரெட்டும் பழசாகிக் கெட்டிப்படுவதைக் காட்டினார். சூடாக்கினால் அது மறுபடி மிருதுவாவதையும் காட்டினார். காரணம் மாவுச்சத்து. ஓவனில் நீரை உறிஞ்சிக் குழைந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்லப் பழையபடி அடுக்கடுக்காக இறுகுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்து விஞ்ஞானி காட்ஸ் இதை வெவ்வேறு வெப்பநிலையில் சோதித்தார். உறைநிலையை ஒட்டிய குளிரில்தான் இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கிறது. 60 டிகிரிக்கு மேலும், கடுமையான உறைகுளிரிலும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நம் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு 4, 5 டிகிரி. பிரெட் பழசாவதற்கு அதைவிட வசதியான இடம் வீட்டில் கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் வெளியிலேயே வைத்துவிடலாமா என்றால், அதற்கு நம் ஊர் இடம் கொடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு பிரெட் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிடும். கோடையில் இன்னொரு தொல்லை. பிரெட்டைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுப்பாக நூல் நூலாக இழுக்கும். அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை வரும். மாவோடு வரும் ஒருவகை பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் ஓவன் சூட்டிலும் சாகாமல் பிழைத்து, 30 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் முளைப்பதன் விளைவு இது. கடை பிரெட்டில் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பதால் அது தாங்குகிறது. வீட்டில், மாவில் இரண்டு கரண்டி தயிரோ ஒரு தேக்கரண்டி வினிகரோ சேர்த்தால் அந்தப் புளிப்பு ஓரளவு தடுக்கும். எப்படியானாலும் நூல் இழுப்பதையும் பூஞ்சணம் பிடித்ததையும் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். பச்சையாகத் தெரியும் இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இழை அதைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும்.

எனவே பிரெட்டுக்கும் பன்னுக்கும் சரியான இடம் இரண்டு. இன்றும் நாளையும் தின்னப்போவது வெளியே டப்பாவில். மீதி அன்றே ஃப்ரீசரில். நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு, ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி, தட்டையாக அடுக்கி வையுங்கள். வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்து நேரே தோசைக்கல்லில் போட்டு, ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால் ஒரு நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். பூசிங்கோ கண்டதும் இதைத்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. எப்படியும் டோஸ்ட் போட்டுத்தான் சாப்பிடுவோம் என்கிற வீடாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைப்பதில் தப்பே இல்லை. பூஞ்சணம் தள்ளிப்போகும், விறைப்பை டோஸ்ட் சரிசெய்துவிடும். 'பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது' என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்கள் நம் மழைக்காலத்தைப் பார்த்ததில்லை.

கேக்கில் எந்தக் கொழுப்பு போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. எண்ணெய் போட்ட கேக் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் மிருதுவாகவே இருக்கும், பெரும்பாலான எண்ணெய் அங்கே கெட்டியாவதில்லை. வெண்ணெய் கேக் செங்கல்லாகிவிடும். அது கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். கோடையில் அரை மணி நேரம் வெளியே இருந்தால் இளகிவிடும். சிறுமலை வாழைப்பழம் போட்டுச் செய்யும் கேக் ஈரமானது, ஒரு நாளைக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பழமே அதிகம் கனிந்துவிட்டால் தோலை உரித்து ஃப்ரீசரில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும். உலர்பழத்தை ஊறவைத்துச் செய்யும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. சர்க்கரையும் உலர்பழமும் அதைக் காத்துக்கொள்ளும், இறுக்கமாகச் சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். தூத்துக்குடி மக்ரூனை ஃப்ரிட்ஜில் வைப்பது அதற்குச் செய்யும் துரோகம். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும் உள்ள பண்டம்; வெளியே எடுத்ததும் வியர்த்து, ஈரத்தை இழுத்து, பல்லில் ஒட்டும் பசையாகிவிடும். பிஸ்கட்டுக்கும் இது பொருந்தும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா போதும்.

தயக்கமே இல்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டியவை: கிரீம், கஸ்டர்ட், நறுக்கிய பழம், பனீர், முட்டை அல்லது இறைச்சி உள்ளே வைத்தவை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் கொழிக்கும். இத்தகைய பண்டம் வெளியே இரண்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் 32 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் ஒரே மணி நேரம்தான். வேடசந்தூரில் மார்ச்சிலிருந்து அந்த இரண்டாவது கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆறு மணிக்கு கேக்கை மேசையில் வைத்து மெழுகுவர்த்தி குத்தியாகிவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து தாய்மாமன் கிளம்பிவிட்டாராம், 'மாமா வரட்டும்' என்று ஏழரை வரை காத்திருக்கிறார்கள். பிறகு போட்டோ. பிறகு வெட்டி எல்லார் வாயிலும் ஊட்டிய கையால் மிச்சத்தையும் தொட்டு, எட்டரைக்கு ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். கையிலிருந்து போகும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி கிரீமில் பெருகி வெளிவிடும் நச்சு, ருசியையும் வாசனையையும் மாற்றுவதில்லை. பிறகு குளிர வைத்தாலும் அந்த நச்சு போவதில்லை. மாமா கிளம்பி வரும்வரை கேக் ஃப்ரிட்ஜிலேயே இருந்தால் என்ன?

வாடை தனிப் பிரச்சினை. நிலக்கோட்டைப் பூ சந்தைக்கு வரும் மாவட்டம் இது. முழம் கணக்கில் மல்லிகை ஃப்ரிட்ஜில் இல்லாத வீடு குறைவு. பக்கத்துத் தட்டில் புளித்த இட்லி மாவு, மூடி சரியில்லாத டப்பாவில் மீன் குழம்பு, கதவில் பெருங்காயம். கொழுப்பு வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். கேக்கில் இருப்பதெல்லாம் கொழுப்பு. அட்டைப்பெட்டியோடு வைத்த வெண்ணெய் கேக்கில் மறுநாள் காலை மல்லிகை மணத்தோடு மீன் குழம்பு வாடையும் சேர்ந்து வரும். கேக்கைக் கிளிங் ஃபிலிமில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஃப்ரிட்ஜில் விசிறி சுற்றி ஈரத்தை உறிஞ்சுவதால் மூடாத கேக் காய்ந்தும் போகும். வெளியே எடுத்ததும் உடனே மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பண்டத்தின் மேல் நம் ஊர்க் காற்று பட்டால் வியர்க்கும். ஃபாண்டன்ட் பிசுபிசுக்கும், கலர் ஒழுகும். மூடியோடு கொஞ்ச நேரம் இருந்தால் அந்த வியர்வை டப்பாவின் வெளியில்தான் படியும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி, தனிக் கதவுள்ள ஃப்ரீசரைப் போல மைனஸ் 18க்கு எப்போதும் போவதில்லை. அதில் வைத்த பிரெட்டை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. கதவுத் தட்டுதான் ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம், கிரீமை அங்கே வைக்காதீர்கள்.

ஆர்டர் எடுக்கிறவர்கள் நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டியது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்கு நிறுத்தினால் சில நாள் மாலைதான் வரும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். முந்தின இரவே தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, காலையில் நடுத்தட்டில் கிரீம் கேக்கைச் சுற்றி அடுக்கிவிடுங்கள். முடிந்தால் அன்றைக்கு கிரீம் கேக் ஆர்டரை ஏற்காமல் வெண்ணெய் கேக்கோ பழக் கேக்கோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டெலிவரிக்குப் போகும் கேக் குறைந்தது மூன்று மணி நேரமாவது உள்ளே இருந்து நன்றாக இறுகியிருந்தால்தான் வண்டியின் குலுக்கலில் அடுக்கு நகராது. வீட்டில் செய்து விற்கிறவர்களும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எத்தனை மணிக்குச் செய்தது, வாங்கியவுடன் எங்கே வைப்பது, வெட்டுவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் எடுப்பது. கிரீம் கேக் என்றால் பத்து நிமிடம், வெண்ணெய் கேக் என்றால் அரை மணி. 'அக்கா, கேக் கல்லு மாதிரி இருக்கு' என்று இரவு பத்து மணிக்கு வரும் போன் பாதியாகக் குறைந்துவிடும்.